சரியான நோ

அருமைநாயகி அக்காவின் குடல்வால் வெடிக்கும்வரை அவர் வீட்டில் கிடந்ததற்கு நான்தான் காரணம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்து நாளாக எல்லோரும் அந்த ஆஸ்பத்திரி நேர்ஸைத்தான் திட்டினார்கள். நானும் கூடவே நின்று தலையாட்டினேன்.

லண்டன் டூட்டிங்கில் ஒரு சேர்ச் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நான் இங்கிலீஷ் படிப்பிக்கிறேன். சம்பளம் இல்லை, மரியாதை உண்டு. அந்த மரியாதை எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியிருந்தது. இருபது வருடம் பாரிசில் இருந்துவிட்டு, மகன் கிருசாந்தனோடு லண்டனுக்கு வந்தவர் அக்கா. அறுபத்திரண்டு வயது. முன்வரிசையில் இருந்து, நான் சொல்வதையெல்லாம் பென்சிலால் கொப்பியில் எழுதுவார்.

அன்றைய பாடம், டொக்டரிடம் போனால் எப்படிப் பேசுவது என்பது. பலகையில் 'பெயின்' என்று எழுதி, அதன் சொந்தக்காரச் சொற்களையும் கீழே எழுதினேன். பெயின் உடம்பில் எந்த இடத்துக்கும் பொருந்தும். விடாமல் இருந்துகொண்டே இருந்தால் ஏய்க். அது பல்லுக்கும் தலைக்கும் வயிற்றுக்கும் ஒட்டும். தொண்டைக்கும் உரசிச் சிவந்த தோலுக்கும் சோர். எங்கே நோகிறது என்று காட்டிச் சொல்ல ஹேர்ட். மனம் நொந்தாலும் ஹேர்ட்தான்.

"எங்களிட்ட எல்லாத்துக்கும் நோ எண்டு ஒரு சொல்லுப் போதுமே, டீச்சர்," என்றார் அக்கா.

நான் டொக்டராக நடித்து அவரிடம், "எனி பெயின்?" என்று கேட்டேன். அக்கா வயிற்றைப் பிடித்து, வலி தாங்க முடியாதவர்போல் முகத்தைச் சுளித்து, "நோ. சரியான நோ," என்றார்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும்விடக் கூடச் சிரித்தது நான். "டொக்டர் உங்களை வீட்டை போகச் சொல்லப்போறார், அக்கா," என்றேன். எங்களுக்கு 'நோ' என்றால் வலி, இங்கிலீஷில் 'நோ' என்றால் 'இல்லை', ஆகவே ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே கூடாது என்று இரண்டு நிமிடம் நின்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அவரை 'நோ அக்கா' என்று கூப்பிடத் தொடங்கினேன். அவர் சிரித்துவிட்டுக் கொப்பியைக் குனிந்து பார்ப்பார். அந்தச் சிரிப்பு சிரிப்பில்லை என்று தெரிந்தும் நான் விடவில்லை.

ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. இறைச்சிக் கடை வரிசையில் நிற்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நேர்ஸ் எனக்கு அழைத்தார். அக்காவுக்குக் காய்ச்சலும் வாந்தியும். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். லண்டனின் மறுகோடியில், எட்மண்டனில் வயரிங் வேலைக்குப் போயிருந்த கிருசாந்தன் போன் எடுக்கவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்க இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகுமாம். அக்கா என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

"வயிற்றில் கை வைத்திருக்கிறார். ஆனால் பெயின் இருக்கிறதா என்று கேட்டால் நோ, நோ என்கிறார். அது சரியா? நீங்கள்தானே இவருடைய டீச்சர்?"

டீச்சர் என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைக்காரரோ என்னைப் பார்த்து, "அடுத்த ஆள்," என்றார். "நோ, நோ. அவர் நோ என்றால் நோதான். என்னிடம்தான் படிக்கிறார்," என்று திறமான இங்கிலீஷில் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு ஆட்டிறைச்சி இரண்டு கிலோ, எலும்போடு, சின்னத் துண்டாக வெட்டச் சொன்னேன்.

சாதாரண வயிற்றுக் கிருமி என்று அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் மத்தியானம் கிருசாந்தன் அழைத்தான்.

"அம்மாவுக்குக் குடல்வால் வெடிச்சு ஒப்பரேஷன் நடக்குது, டீச்சர். நேற்று நோ, நோ எண்டு எத்தினை தரம் சொன்னவவாம். அந்த நேர்ஸுக்கு விளங்கேல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையும் காலும் விறைத்துப்போயின. ஆனாலும் வாய் விறைக்கவில்லை. "கவனமில்லாத ஆக்கள், தம்பி," என்றேன்.

நேற்றுப் பின்னேரம், சூப் பிளாஸ்க்கோடு வார்டுக்குப் போனேன். அக்கா பாதியாக வற்றிப்போயிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"பிழை என்ர, டீச்சர். நீங்கள் படிப்பிச்ச சொல்லு அண்டைக்கு வாயில வரேல்லை."

அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. "அக்கா, அண்டைக்கு அந்த நேர்ஸ் எனக்குப் போன் எடுத்தவ," என்றேன்.

"தெரியும். ஸ்பீக்கரிலதானே போட்டவ. நீங்கள் நோ, நோ எண்டு சொன்னது எனக்கு வடிவாக் கேட்டது. அப்பாடா, டீச்சர் என்ர நோவைச் சொல்லிப்போட்டா எண்டு நான் பேசாமல் இருந்திட்டன்."

அப்படியே விட்டிருந்தால் அக்காவுக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவர் சாகும்வரை எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்திருப்பார். அதை என்னால் தாங்க முடியாது.

"இல்லை, அக்கா. நான் சொன்னது இங்கிலீஷ் நோ. உங்களுக்கு ஒண்டும் நோகேல்லையெண்டு சொன்னனான்."

அக்கா ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை.

"ஸ்பீக்கரிலதானே கிடந்தது," என்றார் மெதுவாக. "அக்கா, நோகுதோ எண்டு தமிழில ஒருக்காக் கேட்டிருக்கலாமே."

"இறைச்சிக் கடையில நிண்டனான்," என்றேன். அதுதான் உண்மை. சொல்லும்போதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அந்த நேரம் ஒரு நேர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "எனி பெயின், மை லவ்?" என்று கேட்டார். பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அக்கா கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"யெஸ்," என்றார் நேர்ஸைப் பார்த்து. பிறகு கட்டுப் போட்ட வயிற்றில் ஒரு விரலை வைத்தார். "இட் ஹேர்ட்ஸ். ஹியர்."

அதில் நான் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பவும் இல்லை.