சாடைப் பேச்சுக்கு ஒரு பூனை

எங்கள் வீட்டில் நானும் நாத்தனாரும் நேராகப் பேசிக்கொண்டதே கிடையாது. எல்லாம் பூனை வழியாகத்தான். பூனையின் பெயர் துரை. என் வீட்டுக்காரரின் அக்கா வேலை மாற்றலாகி எங்களோடு தங்க வந்தபோது, ஒரு பெட்டியையும் இந்தத் துரையையும் கொண்டுவந்தார்.

அவர் நூலகர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். நான் ஜன்னல் திரை தைக்கிறவள். மெஷின் நின்றாலும் என் வாய் நிற்காது. வீட்டுக்காரர் லாரியோடு ஊர் ஊராகப் போய்விடுவார். மிச்சம் நாங்கள் இருவரும் துரையும்.

"ஏன்டா துரை, உங்கம்மா பாத்ரூம் லைட்டை அணைக்கவே மாட்டாங்களா?" என்பேன் நான்.

"துரை, இந்த மெஷின் சத்தத்துல மனுஷங்க படிக்க முடியுமான்னு கேளு," என்பார் அவர்.

துரை நடுவில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருக்கும். பெரிய சண்டை எதுவும் வராமல் காலம் ஓடியது.

போன வாரம், நான் தைத்து இஸ்திரி போட்டு மாட்டியிருந்த புதுத் திரையின் உச்சியில் ஏறி, நகத்தால் கிழித்துக்கொண்டே சறுக்கி இறங்கியது துரை. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "சனியனே! எப்பதான் இந்த வீட்டை விட்டுத் தொலைவியோ!" என்று கத்திவிட்டேன்.

சத்தியமாகப் பூனையைத்தான் சொன்னேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, பூனைக்கான பேச்சைப் பூனையிடம் பேசியிருக்கிறேன்! வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நாத்தனார் காதில் அது விழுந்துவிட்டது. நேராகத் தன் அறைக்குப் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம், "துரை, நமக்கு ரூம் பார்த்தாச்சு. ஞாயித்துக்கிழமை கிளம்புறோம்," என்றார்.

அவர் போய்விட்டால் நான் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன்? பேசாத மனுஷிதான். ஆனால் நான் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான். "துரை, அன்னைக்கு உன்னைத்தான்டா திட்டினேன், வேற யாரையும் இல்ல," என்று அவர் காதுபடச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. பூனையிடம் 'உன்னை' என்றால் தன்னைச் சொல்வதாகத்தானே எடுத்துக்கொள்வார்? அப்படிப் பழக்கி வைத்ததே நான்தானே.

சனிக்கிழமை காலை துரை காதைப் பிறாண்டிப் பிறாண்டி ரத்தக்களரியாக்கி வைத்திருந்தது. கட்டிலுக்கடியில் போய் ஒளிந்ததைப் படாத பாடு பட்டு இழுத்து, பழைய துண்டில் சுற்றிக் கூடையில் திணித்தோம். என் கையெல்லாம் கீறல். அவர் மூக்கிலும் ஒன்று.

கால்நடை மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். தலைக்குப் பின்னால் கை தட்டினார். சாவிக்கொத்தைக் குலுக்கினார். துரை பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு காதும் அடைச்சுப் புண்ணாயிருக்கு. பல மாசமாவே இதுக்கு ஒண்ணும் கேட்டிருக்காது. கூப்பிட்டா வருமா?"

"வராது டாக்டர். திமிருன்னு நினைச்சோம்," என்றேன்.

"காலையிலயும் சாயங்காலமும் சொட்டு மருந்து விடணும். ஒரு ஆளால முடியாது. ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் விடணும்."

கூடையை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தோம். கொஞ்ச தூரம் போனதும் நாத்தனார் நின்றார். என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அதுக்குத்தான் காதே கேக்காதாமே. அப்ப நீ அன்னைக்குச் சொன்னது எனக்கு மட்டும்தான கேட்டிருக்கு?"

வழக்கம்போலக் குனிந்து கூடையைப் பார்த்தேன். துரை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அண்ணி, போகாதீங்க," என்றேன். இத்தனை பேச்சு பேசுகிற எனக்கு அவ்வளவுதான் வந்தது.

"மருந்து விட ஆள் வேணுமேன்னு சொல்றியா?"

"மருந்து கிடக்கட்டும். பூனையை வேணும்னா எங்கயாவது கொண்டுபோய் விடுங்க. நீங்க இருங்க. நீங்க இல்லாத வீட்டுல என்னால இருக்க முடியாது."

அவருக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. "அதையும் விட மாட்டேன், போ. நீ பிடி, நான் மருந்து விடறேன்."

"ஐயையோ! உங்க பூனை, நீங்கதான் பிடிக்கணும்!"

"எனக்கு ஏற்கெனவே மூக்கு போச்சு."

"எனக்குக் கையே போச்சு அண்ணி!"

வீடு போய்ச் சேரும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டே நடந்தோம்.