பெட்டி மூடுவதற்கு முன்

விமானம் மாறி, ரயில் மாறி, கடைசியாகக் கம்பம் பஸ்ஸில் இடிபட்டு வீட்டு வாசலில் வந்து நின்றேன். என்னைப் பார்த்ததும் கட்டிலில் படுத்திருந்த அப்பா இரண்டு கையையும் கூப்பினார்.

"தோத்திரம் சிஸ்டர்" என்றார்.

எங்கள் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் பிள்ளைகள்தான் பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்லுவார்கள். பெரியவர்கள் பெருவிரலால் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைவார்கள். பரீட்சைக்குப் போனாலும் சரி, பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் சரி, அது இல்லாமல் யாரும் படியிறங்க மாட்டோம். நான் கன்னியாஸ்திரி ஆன பிறகு ஊரே எனக்குத் தோத்திரம் சொல்கிறது. அது உடுப்புக்குச் சொல்வது, எனக்கும் தெரியும். ஆனால் பெற்ற தகப்பன் சொன்னால் அது மரியாதை இல்லை, செருப்படி. என் அப்பா அருளப்பன் அதைத் தெரிந்தேதான் சொன்னார்.

"அப்பா, நான் செல்விப்பா."

"தெரியுது சிஸ்டர். உக்காருங்க. ஏ ரோஸ்லினு, சிஸ்டர் வந்திருக்காக பாரு. காப்பி போடு."

மதினி காப்பி கொண்டுவந்தாள். அதை அப்படியே முற்றத்தில் கொட்டலாமா என்றிருந்தது. குடித்தேன்.

கோபத்துக்குக் காரணம் அம்மா. அம்மா இறந்தது ஒரு ஜனவரியில். நான் வேலை செய்யும் மலாவி நாட்டில் அது பெருமழைக் காலம். எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து தார் ரோட்டுக்குப் போகிற ஒரே பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போயிருந்தது. தண்ணீர் வடிந்துவிடும் என்று நம்பி, "வந்துருவேன், அம்மாவ வச்சிருங்க" என்று போனில் சொன்னேன். வைத்திருந்தார்கள். வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டியில் அம்மா எனக்காகக் காத்துக் கிடந்தாள். நடுவில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டருக்கு அண்ணன் சின்னமனூர் வரைக்கும் ஓடினான். சொந்தக்காரர்கள் முனக ஆரம்பித்தார்கள்.

எங்களில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் பிள்ளைகள் வரிசையாக வந்து இறந்தவர் நெற்றியில் சிலுவை போட வேண்டும். அண்ணன் வின்சென்ட் போட்டான், மதினி ரோஸ்லின் போட்டாள், பேரப்பிள்ளைகள் போட்டார்கள். அப்பா மட்டும் பெட்டியை மூட விடாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பங்குச்சாமியார் வந்து கையைப் பிடித்து விலக்க வேண்டியிருந்ததாம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆற்றில் குதித்திருக்க வேண்டுமா? இதைப் போனில் கேட்டேன். அப்பா போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து நான் சிஸ்டர்.

அதற்குப் பிறகு கிடைத்த முதல் விடுமுறை இது. இதற்கிடையில் அவர் திராட்சைப் பந்தலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை ஒடித்துக்கொண்டு படுத்த படுக்கையாகிவிட்டார். முதுகில் புண். நான் நர்ஸ். அங்கே ஒரு நாளில் எத்தனை புண் கழுவுகிறேன் என்று எனக்கே தெரியாது. இவருடைய புண்கட்டைத் தொட்டதும் உடம்பை விறைத்துக்கொண்டார்.

"வேணாம் சிஸ்டர். ரோஸ்லின் வரட்டும்."

"அவுகளுக்கு முறையாத் தெரியாதுப்பா. நான் படிச்சிருக்கேன்."

"படிச்சவுக படிச்ச எடத்துல பாருங்க."

அடுப்படியில் மதினி பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கண்ணன் விடிஞ்சா தோட்டத்துக்குப் போயிருவாரு. பீ மூத்திரம் அள்ளுறது யாரு? நானு. கோயில் வாசல்ல பிளெக்ஸ் வச்சிருக்கறது யாருக்கு? ஒனக்கு. மறைபரப்பு ஞாயித்துக்கெழம ஒம் பேரச் சொல்லி ஊரே செபம் சொல்லுது. எனக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்ல நாதி இல்ல."

"அப்ப நீங்க மலாவிக்குப் போங்க மதினி. நான் இங்கன இருக்கேன்."

"பாஸ்போட்டு இருந்தா என்னைக்கோ போயிருப்பேன் போடி."

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. கோயிலுக்குப் போனால் அங்கே வேறு தொல்லை. "அங்கன சிங்கம் ஊருக்குள்ள வருமா சிஸ்டர்?" என்று கேட்கிறார்கள். சிங்கம் வந்தால்கூடச் சமாளித்துவிடலாம். தண்ணீர் வராத குழாய், டீசல் இல்லாத ஜெனரேட்டர், விடியும் முன்பே குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிற தாய்மார், காலியான மருந்து அலமாரி, எனக்கே மாதம் தவறாமல் வரும் மலேரியா. ஒருமுறை நாங்கள் ரத்தத்தை உறிஞ்சி வெளிநாட்டுக்கு விற்கிறோம் என்று யாரோ கிளப்பிவிட, எங்கள் ஜீப்பின் மேல் கல் விழுந்தது. கண்ணாடித் தூள் என் மடியில் கிடந்தது. கல்லெறிந்த ஒருத்தியே அடுத்த வாரம் காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளையோடு வந்தாள். வாய் நிறையத் தமிழில் திட்டிக்கொண்டே ஊசி போட்டேன். பிள்ளை பிழைத்ததும் காலைக் கட்டிய ஒரு கோழியை என் கையில் திணித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைக் கோயில் வாசலில் யாரிடம் சொல்வது? சிங்கம் உண்டா என்றுதான் கேட்பார்கள்.

விடுமுறை முடியும்வரை அப்பா மாறவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கிளம்பும்போது என் நெற்றியில் அவர் ஒரு சிலுவை போட வேண்டும். அடுத்தமுறை நான் வரும்போது அவர் இருப்பார் என்பதற்கு எந்த நிச்சயமும் இல்லை. புண்ணைப் பார்த்த நர்ஸுக்கு அது தெரியாதா?

கிளம்புகிற காலையில் அண்ணன் பைக்கில் என் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் கட்டிலருகில் போய்க் கைகூப்பினேன்.

"தோத்திரம்ப்பா. நெத்தியில சிலுவ போடுங்க."

"சிஸ்டர்மாருக்கு நாங்க போடக் கூடாது. நீங்கதான் எங்களுக்குப் போடணும்."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கத்திவிட்டேன்.

"அங்கன ஒரு கெழவரு இருந்தாரு. கால் பூராப் புண்ணு. கட்டுப் போடப் போறப்பெல்லாம் சோளக் கஞ்சிய எம் மேல துப்புவாரு. திருடிம்பாரு. நான் விடாமப் போனேன். ஒரு நாளு அவராவே கால நீட்டுனாரு. அந்த ஆளே மனசு மாறிட்டாரு. நீங்க அவர விட மோசம்ப்பா!"

அப்பா முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"அந்தாளுக்குப் பிள்ளைக இல்லையா?"

"ஒரு மக. வெளிநாட்டுல வேல."

"செத்தப்ப வந்தாளா?"

நான் வாசல் பக்கம் பார்த்தேன்.

"வந்தாளான்னு கேக்குறேன்."

"இல்ல."

"சிலுவ யாரு போட்டது?"

"நான்தான்."

ரோஸ்லின் கதவோரம் வந்து நின்றாள். அப்பா மெதுவாகத் தலையாட்டினார்.

"ஊரான் நெத்திக்கெல்லாம் ஒங்க கை இருக்கு. அவ நெத்திக்குத்தான் இல்லாமப் போச்சு." மூச்சு வாங்கியது அவருக்கு. "சரி. எனக்கு இப்பவே போட்டுட்டுப் போங்க. பொட்டி மூடுறப்பப் போடுறத இப்பவே போடுங்க. ஐஸ் பொட்டியில அவ காத்துக் கெடந்தது போதும். நான் கெடக்க மாட்டேன்."

"மாமா, உசிரோட இருக்கறவுக பேசுற பேச்சா இது?" என்று மதினி அழுதாள்.

"மாட்டேன்" என்றேன் நான்.

"அப்பச் சரி. தோத்திரம் சிஸ்டர்" என்று கையைக் கூப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். முகம் அசையவில்லை. பெட்டிக்குள் கிடக்கிற மாதிரியே கிடந்தார். இப்படியும் ஒரு மனிதன் பெற்ற மகளைப் பழிவாங்குவானா?

கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, பெருவிரலால் அவர் நெற்றியில் சிலுவை போட்டேன். குளிர்ந்துபோன எத்தனையோ நெற்றிகளில் போட்ட விரல் இது, ஒரு கோடும் கோணியதில்லை. அப்பாவின் நெற்றி வேர்த்து, கதகதப்பாக இருந்தது. அந்தச் சூடு பட்டதும் குறுக்குக்கோடு கோணலாகப் போய்விட்டது. அம்மாவின் நெற்றி எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் நினைத்தேன். அங்கேயே முழங்காலில் விழுந்து, தலையைக் கட்டில் சட்டத்தில் வைத்து வாய்விட்டு அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தேன். அப்பாவின் கண் திறந்திருந்தது. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தார். பெருவிரல் என் நெற்றியருகே வந்து நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் படவில்லை. கண்ணைத் திறந்தபோது கை மறுபடி போர்வைக்குள் போயிருந்தது.

"ஒனக்கு இப்பக் கெடையாது" என்றார். "வேணும்னா திரும்ப வந்து வாங்கிக்க. நான் இருக்கறப்ப வா ஆத்தா."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணன் பைக்கில் பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுவந்து விட்டான். பெட்டியை இறக்கி வைத்த பிறகு, "அப்பா சிலுவ போட்டாரா?" என்றான்.

"இல்ல."

"பெறகு எதுக்கு அழுகுற?"

"கோவத்துல" என்றேன். உண்மைதான்.

மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அடுத்த விடுமுறை எப்போது என்பதை எங்கள் சபை மதர்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு வருஷங்கள் ஆகும். அவருடைய முதுகுப் புண்ணுக்கு அத்தனை வருஷம் தாங்காது என்று படித்த படிப்பு சொன்னது. வெறும் நெற்றியை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"நான் வர்ற வரைக்கும் செத்துக்கித்துத் தொலைச்சிராதீங்க, சொல்லிட்டேன்" என்று சத்தமாகவே திட்டினேன். பக்கத்துச் சீட்டு அம்மாள் என் உடுப்பையும் முகத்தையும் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.