கடித்த பிரஸ்ஸின் அந்தரங்கம்

அம்பத்தூர்ப் பக்கம் ஒரு எவர்சில்வர் தட்டுப் பட்டறை. அங்கே தட்டு அடிக்கும் பிரஸ் இயந்திரங்களில் ஆளைக் கடித்ததன் பெயரை வெளியில் சொல்லக் கூடாது. அது அதன் சொந்த விவரம்.

அஞ்சுகத்தின் வலது கையில் இரண்டு விரல் போனபோதும் அப்படித்தான் பதிவு செய்தார்கள். அவள் பெயர், வீட்டு விலாசம், சர்க்கரை அளவு, புருஷன் ஓடிப்போன சமாசாரம் எல்லாவற்றையும் விபத்து அறிக்கையில் விலாவாரியாக எழுதி வாசல் பலகையில் ஒட்டினார்கள். பிரஸ்ஸின் பெயர் வரும் இடத்தில் மட்டும் கறுப்பு மை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பியபோது, எல்லாப் பிரஸ்களுக்கும் முக்காடு போட்டு இடம் மாற்றி நிறுத்தியிருந்தார்கள். எது கடித்தது என்று யாருக்கும் தெரியாது. கடித்ததற்குத் தெரியும், அது சொல்லவில்லை.

ஒரே ஒரு தடயம் இருந்தது. ஒவ்வொரு பிரஸ்ஸும் தட்டின் நடுவில் ஒரு பூ பதிக்கும். ஒன்றின் பூ இன்னொன்றுக்கு வராது. கடித்தபோது அஞ்சுகத்தின் உள்ளங்கையிலும் ஒரு பூ விழுந்துவிட்டது. அதனால் தட்டுகளைக் கவிழ்த்துத்தான் அடுக்க வேண்டும் என்று உத்தரவு. பாதுகாப்பு அதிகாரி தணிகைவேல் அவளிடம் ஒரு துணிப்பையை நீட்டினார்.

"கையை மூடிக்க அஞ்சுகம். நீ பாட்டுக்கு ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சா அவங்க மனசு என்ன பாடுபடும்?"

"இது என் கை சார்."

"கை உன்னுதுதான், யார் இல்லேன்னா? பூ அவங்களுது."

பல்லைக் கடித்துக்கொண்டு பையை மாட்டினாள். திங்கட்கிழமை அவள் ஓரகத்தி பவளக்கொடி வேலைக்குச் சேரும்வரை மாட்டியிருந்தாள். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் பவளக்கொடிக்குப் பத்து விரலும் இருந்தன. அவளைக் கோடியிலிருந்த பிரஸ்ஸில் உட்கார வைத்தார்கள்.

"எந்திரிடி. கடிச்சது இதுவா இருந்தா?"

"நான் நாலு காசு பார்த்தா உங்களுக்குப் பொறுக்காதேக்கா."

"பொறுக்காதுதான். விரலோட இருந்து சம்பாதி, வயிறெரியறேன்."

அஞ்சுகம் பையைப் பல்லால் கிழித்தாள். பவளக்கொடி அடித்து வைத்த தட்டைத் திருப்பி உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்தாள். இதிலும் ஓர் இதழ் மடங்கிய பூ, அதிலும் ஓர் இதழ் மடங்கிய பூ. ஓரகத்தியின் சடையைப் பிடித்து ஒரே இழுப்பு. பிரஸ் வெறும் காற்றைக் கடித்தது.

தணிகைவேல் ஓடிவந்தார். முதலில் பிரஸ்ஸின் முக்காட்டைச் சரிசெய்தார். "மன்னிச்சிடுங்க மேடம்." பிறகு அஞ்சுகத்தின் பக்கம் திரும்பினார். "அவங்க மானத்தை வாங்கிட்டியே!"

"அதுக்கு மானம் இருக்கு, எனக்கு விரல் இல்ல. இதையும் எழுதி ஒட்டுய்யா!"

அதையும் எழுதி ஒட்டினார்கள். பெண்கள் இருவருக்கும் வேலை போயிற்று. பிரஸ்ஸுக்குச் சம்பளத்தோடு விடுப்பு.

சாயங்கால பஸ்ஸில் மாற்றுத்திறனாளி இருக்கையில் அது முக்காட்டோடு உட்கார்ந்திருந்தது. அஞ்சுகம் கையைக் காட்டினாள்.

"நின்னுக்கிட்டு வாங்கம்மா," என்றார் கண்டக்டர். "அவங்களுக்கு மனசு சரியில்லை."

அஞ்சுகம் மிச்ச விரல்களால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் பவளக்கொடி, தரையில் புரண்ட முக்காட்டு நுனியை அழுத்தி மிதித்துக்கொண்டு நின்றாள், அது இறங்கும் நிறுத்தம் வரட்டும் என்று.