ஒலிபெருக்கி அடங்கியபோது

அந்த அணு இணைவு உலையின் கட்டுப்பாட்டு அறையில் ஒரு வழக்கம் உண்டு. காந்தக் கூண்டுக்குள் கொதிக்கும் பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயுவின் விளிம்பில் ஓர் உணர்முனையை நீட்டி, அது பிடிக்கும் கொந்தளிப்பை ஒலிபெருக்கியில் விட்டுவிடுவார்கள். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்ததுபோல் சடசடக்கும். விளிம்பில் மின்புலத்தைக் கூட்டினால் கொந்தளிப்பின் சுழல்கள் கிழிபட்டு, வெப்பம் வெளியே கசிவது குறையும், சத்தமும் குறையும். சத்தம் குறையக் குறைய, இயந்திரம் தானாகவே சூட்டை ஏற்றும். அதனால் அங்கே எல்லோருக்கும் அமைதி என்றால் கொள்ளை ஆசை.

உணர்முனைக்குப் பொறுப்பு அவள். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, 'பயந்தாங்கொள்ளி'தான். போன வாரம் ஒன்றுமில்லாததற்கு, உலையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கி ஓட்டத்தைக் கெடுத்ததிலிருந்து ஒட்டிக்கொண்ட பட்டம். சிரித்தவர்களுக்கு என்ன? உட்சுவர் ஓட்டையானால் உள்ளே ஊர்ந்து போய்ப் பற்றவைப்பவர் அவளுடைய அண்ணன். அந்த இடுக்கில் வேலை தெரிந்த வெல்டர் வேறு ஆளில்லை. இரண்டு முறை போய்வந்துவிட்டார். இன்னொரு முறை போனால் கதிர்வீச்சை உடம்பு தாங்காது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் ஏத்தும்மா," என்றார் தலைவர்.

ஏற்றினாள். சடசடப்பு முணுமுணுப்பானது. பிறகு சட்டென்று ஒன்றுமே இல்லை. அறையே கைதட்டியது.

"பாத்தியா? இதுக்குப் போய்ப் பயந்தியே!"

அவளும் சிரித்தாள். சூட்டைக் காட்டும் கோடு ஏறிக்கொண்டே போனது. கை பொத்தானுக்குப் போய்த் திரும்பியது. மறுபடியும் அமுக்கிவிட்டு ஊர் வாயில் விழவா?

அப்புறம்தான் உறைத்தது. பிளாஸ்மாவே இல்லாத நாளிலும் உணர்முனையின் கம்பி வழியே லேசாக ஓர் இரைச்சல் வந்துகொண்டிருக்கும். இப்போது அதுகூட இல்லை. கொந்தளிப்பு அடங்கவில்லை, உணர்முனைதான் உருகிப்போயிருந்தது. காது போன இயந்திரம், எல்லாம் அமைதி என்று நம்பிச் சூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது.

அமுக்கினாள். ஆறு வினாடி தாமதமாகிவிட்டிருந்தது. கேமராத் திரையில் உட்சுவரைச் சுட்டபடி வெள்ளையாக ஒரு கீற்று ஓடியது. சுவருக்குள் ஓடும் குளிர்நீர் கசிகிறது என்று எச்சரிக்கை மணி அடித்தது. கைதட்டியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பத்து நாள் ஆறவிட்டும் உள்ளே கதிர்வீச்சு முழுதாக இறங்கவில்லை. பதினோராம் நாள் காலை, உலையின் வட்டக் கதவருகே அண்ணன் கவச உடைக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்ணா. வேற யாரையாவது..."

"வேற யாரு இருக்கா? பின்னாடி ஜிப்பை இழு."

இழுத்துவிட்டாள். தலைக்கவசத்தை மாட்டுமுன் அவர் அவளைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நீ எப்பவும் பயப்படுற ஆளாச்சே," என்றார். "அன்னிக்கு மட்டும் ஏன் பயப்படல?"