பாட்டிலின் அடியில் மண்

சின்னவள் தன் வாழ்நாளில் ஒரு தப்பையும் ஒப்புக்கொண்டதில்லை. எட்டு வயதில் வீட்டு நிலைக்கண்ணாடியை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழியைப் போட்டவள் அவள். அக்கா எவ்வளவோ குடைந்து பார்த்தும் பிடி கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவள் வளர்ந்து வேதியியல்காரியாகி, அணு உலை விபத்தில் மண்ணில் விழுந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் எங்கே நகர்கிறது, எதில் ஒட்டிக்கொள்கிறது என்று ஆராயும் வேலைக்கு வந்ததுதான் வேடிக்கை. அந்த வேலையில் பாதி நேரம் தப்பு கண்டுபிடிப்பதிலேயே போகும். அடுத்தவர் தப்பு என்றால் அவளுக்குக் கரும்பு தின்பது மாதிரி.

அக்காவுக்கும் அத்தானுக்கும் மலையடியில் ஒரு வீடும் நாற்றுப் பண்ணையும் கிணறும் இருந்தன. விபத்து நடந்த அன்று பூட்டிவிட்டு வந்தவர்கள், பதினோரு வருடமாக இரண்டு அறை வாடகை வீட்டில் தொட்டிச் செடிகளோடு முட்டி மோதிக்கொண்டு இருக்கிறார்கள். பண்ணையின் மேல்மண்ணை வாரி எடுத்தாயிற்று. வீடும் சோதனையில் தேறிவிட்டது. பாக்கி கிணற்று நீர்தான். அதுவும் தேறினால் திரும்பிப் போகலாம். தேறாவிட்டால் மாதக் கடைசியில் வீட்டை இடித்துக் கிணற்றை மூடிவிடுவார்கள்.

ஆய்வகத்தில் ஆள் பற்றாக்குறை. சின்னவளே போய் நீர் எடுத்து வந்தாள், அவளே அளந்தாள். சீசியம் அனுமதித்த வரம்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. அக்காவிடம் அதை அவளே போய்ச் சொன்னாள். அக்கா அழவில்லை. "நீ அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாளே தொட்டிகளை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கத் தொடங்கினாள். அந்த நம்பிக்கைதான் சின்னவளை அறுத்தது.

நான்கு நாள் கழித்து, அளந்து முடித்த பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்த சக ஆய்வாளன் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரை எல்லோரும் மறந்து பல காலமாகிவிட்டது. ஆய்வகத்தில் அவன் பெயர் 'சந்தேகம்'.

"இது உங்க அக்கா கிணறுதானே? லேபிள்ல 'வடிகட்டியது'ன்னு இருக்கு. அடியில மண் படிஞ்சிருக்கே?"

சின்னவள் பாட்டிலை வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். கிணற்றடியிலேயே முதலில் வடிகட்ட வேண்டும், அதன் பிறகே அமிலம் விட வேண்டும். அமிலம் விடாவிட்டால் சீசியம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரில் இல்லாத மாதிரி நாடகமாடும். வடிகட்டாமல் விட்டாலோ, களிமண் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் சீசியமும் கணக்கில் ஏறிவிடும். வீட்டுக் குழாயில் பொருத்தப்போகும் வடிகட்டி மண்ணைப் பிடித்துவிடும், கரைந்ததைப் பிடிக்காது. ஆகவே கரைந்தது எவ்வளவு என்பதுதான் கேள்வியே.

"ஃபில்டர் கிழிஞ்சிருக்கும்" என்றாள் சட்டென்று. பூனை திரும்பி வந்துவிட்டது.

"கிழிஞ்ச ஃபில்டரையும் உறையில போட்டு வெப்போமே. எங்க அது?"

உறை காலியாக இருந்தது. அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்று அக்கா கூடவே வந்து, "இந்த ஓரத்துல தக்காளி நாத்து, அந்தப் பக்கம் கத்திரி" என்று கை நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தாள். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாளியை அடிவரை விட்டுக் கலக்கி இழுத்து, நேராக அமிலத்தை ஊற்றி மூடிவிட்டாள். லேபிளை முந்தின நாளே எழுதி ஒட்டியிருந்தாள். அது பாட்டுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போது வாயைத் திறந்தால் அக்காவுக்காகக் கணக்கை மாற்றப் பார்க்கிறாள் என்பார்கள். மறுபடி அளந்தும் அதே அளவு வந்தால் வீடும் போகும், பேரும் போகும். அவள் அந்தக் காலி உறையைக் கையில் எடுத்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஆய்வகத் தலைவியின் அறைக்குப் போனாள்.

"மேடம், அந்தக் கிணத்து ரிப்போர்ட் செல்லாது. நான் வடிகட்ட மறந்துட்டேன்."

தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்க வாயில இருந்து இது வந்ததை நாட்குறிப்புல எழுதி வெக்கணும்" என்றார். பிறகு கறாராகச் சொன்னார்: "நீங்க அந்தக் கிணத்துப் பக்கமே போகக் கூடாது. சந்தேகம் போகட்டும். பாட்டில்ல நம்பர் மட்டும் இருக்கட்டும், யார் கிணறுன்னு அளக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

சந்தேகம் மூன்று நாள் போனான். மூன்று நாளும் வாளியை அடியில் இடிக்காமல் நீர் எடுத்தான். வடிகட்டிய நீர் ஒரு பாட்டில், வடிகட்டியில் தங்கிய மண் ஒரு உறை. அளந்தது இன்னொருத்தி. சின்னவள் அந்த ஒரு வாரமும் கழுவிய குடுவைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை சந்தேகம் தாளை அவள் முன்னால் வைத்தான். "மூணு தரம் பார்த்துட்டேன். எனக்கே சந்தேகம் இல்ல."

வடிகட்டிய நீரில் கருவிக்கு எட்டும் அளவுக்குக்கூட எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் மண்ணில். களிமண் பதினோரு வருடமாகப் பிடித்த பிடியை விடவே இல்லை. சின்னவள் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். அவளுக்கு அதில் வெட்கமே இல்லை.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, கிணறு தேறிடுச்சு. குழாய்ல ஃபில்டர் போட்டுக்கணும், வருஷா வருஷம் நாங்க வந்து பார்ப்போம். நீங்க வீட்டுக்குப் போகலாம்."

அந்தப் பக்கம் ஒரு தொட்டியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா கேட்டாள், "அப்ப அன்னிக்கு நீ சொன்னது?"

"அது என் தப்புக்கா. வடிகட்டாம ஊத்திட்டேன்."

அக்கா போனை வாயிலிருந்து விலக்கி, "என்னங்க, குடுத்த தொட்டியெல்லாம் திருப்பி வாங்கிட்டு வாங்க" என்று அத்தானிடம் கத்தியது கேட்டது. போன் மறுபடி வாய்க்கு வந்தது.

"ஏண்டி, அந்த நிலைக்கண்ணாடி?"

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அதுவும் நான்தான்க்கா."