சத்தம் காட்டாத குரங்கு

கதவில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. கூரியர்காரன் வந்து தட்டிப் பார்த்து, வீட்டில் ஆளில்லை என்று பிரெஞ்சில் எழுதிவிட்டுப் போயிருந்தான். உள்ளே என் கணவர் ஜெராட் லைட்டை அணைத்துவிட்டு சோபாவில் இருந்தார். டிவியில் பழைய ஹொக்கி மேட்ச் சத்தமில்லாமல் ஓடியது.

"ஏனப்பா திறக்கேல்லை?"

"ஆரெண்டு தெரியாமல் எப்பிடித் திறக்கிறது? போன் பண்ணிப்போட்டு வரலாம்தானே."

"ஓம், கூரியர்காரன் உங்களிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் வருவான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாடு விட்டு இந்தச் செயின்ட்-மிஷேலுக்கு வந்து இவ்வளவு காலமாகியும், யார் தட்டினாலும் மனிதர் மூச்சை அடக்கிவிடுவார். மன்னாரில் இவருடைய தமையனைக் கொண்டுபோனவர்களும் முதலில் கதவைத்தான் தட்டினார்கள். அது தெரிந்தும் கோபம் வந்தது. ஐவரி கோஸ்ட்டில் ஒரு சதுப்புக்காட்டு மரங்களில் கட்டிவைத்த ஒலிப்பதிவுக் கருவிகளின் மெமரி கார்டுகள் கூரியர்காரன் திருப்பிக் கொண்டுபோன பார்சலில் இருந்தன.

ரோலவே குரங்கு என்று ஒன்று. நெற்றியில் வெள்ளைக் கீற்று, ஆட்டுத்தாடி. உயரமான மரங்களின் உச்சியை விட்டு இறங்க அதற்கு விருப்பமில்லை. காட்டை வெட்டியும் இறைச்சிக்குச் சுட்டும் அந்த இனத்தை முடிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பதிவுகளில் அதன் குரலைத் தேடுவது என் வேலை. கடைசியாக வந்த பதிவில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு விடியற்காலைக் கூவல் ஒன்றுகூட இல்லை. குரலில்லாத காட்டுக்குக் காவல் எதற்கு, காவலர்களை வேறு காட்டுக்கு மாற்றுவோம் என்கிறார் எங்கள் பேராசிரியர். இன்று மாலைக் கூட்டத்தில் முடிவு; அதற்குள் புதிய பதிவுகளை நான் கேட்டாக வேண்டும்.

கூரியர் அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கெஞ்சினேன். வழி சரிவந்தால் திரும்ப வருவான் என்றார்கள். குசினி அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்தேன். தெருவில் நின்ற ஒவ்வொரு வானும் கூரியர் வண்டியாகத் தெரிந்தது. ஜெராட் வீம்புக்கு டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

கூட்டம் தொடங்கியது. குசினி மேசையில் லேப்டொப்பை வைத்துக்கொண்டு, திரையில் இருந்த பேராசிரியருக்குச் சொன்னேன். சிறுத்தையைக் கண்டால் இந்தக் குரங்கு ஊரைக் கூட்டும். மறைந்திருந்து பாய்கிற மிருகம், தன்னைக் குரங்குகள் கண்டுவிட்டன என்றால் போய்விடும். மனிதனைக் கண்டால் அப்படியில்லை. சத்தம் போடுகிற கிளையைப் பார்த்துத்தான் சுடுவான். அதனால் வாயே திறக்காது.

"அப்படியென்றால் இருக்கிறது என்கிறாயா, றெபேக்கா?" என்றார் பேராசிரியர். "எதை வைத்துச் சொல்கிறாய்?"

அந்த நேரம் கதவு தட்டப்பட்டது.

ஜெராட் டிவியின் சத்தத்தை நிறுத்தினார். எழுந்து வெறுங்காலோடு கதவடிக்குப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். திறக்கவில்லை. திறவுங்கோ என்று கத்த வாயெடுத்தேன். அவருடைய முதுகைப் பார்த்ததும் முடியவில்லை. திரையில் எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நான் மைக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

இரண்டாம் முறை தட்டியபோது தாழ்ப்பாள் பாதி விலகியிருந்தது.