சாலையோரப் பாத்தி

மரக்காணம் தாண்டிப் பாண்டிச்சேரி போகிற கார்கள் லூர்துமேரியின் தோட்டத்தருகே ஓரங்கட்டும். கண்ணாடி இறங்கும். "இப்பவே பறிச்சுக் குடுங்க" என்பார்கள். சாலையை ஒட்டிய பாத்தியில் உட்கார்ந்து, அவர்கள் கண்ணெதிரே கீரையைக் கிள்ளிக் கட்டிக் கொடுப்பாள். முன்கூட்டியே கட்டி வைத்ததை ஒருத்தரும் தொடமாட்டார்கள். பதினோரு வருடமாக அவள் வயிற்றைக் கழுவியது இந்த வியாபாரம்தான்.

இலையைத் தடவினால் கட்டைவிரலில் கறுப்பாக ஒட்டும். அதை அவள் பார்க்காமல் இல்லை. தூசி என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

இலைகளைப் பரிசோதிக்க வாங்கிப் போயிருந்த விவசாயக் கல்லூரி மாணவி வினோதினி, போன மாதம் திரும்பி வந்து அந்த நிம்மதியைக் கெடுத்தாள்.

"ரோட்டோரப் பாத்தியில ஈயம் ஜாஸ்தியா இருக்குதும்மா. வண்டிப் புகை, டயர் தேயுற தூளு எல்லாம் படியுது. கழுவுனா கொஞ்சம்தான் போவும். சின்னப் புள்ளைங்களுக்கு ஆவவே ஆவாது. உள்ள தள்ளிப் போடுங்க."

"உள்ள எங்கம்மா போடுறது? பின்னால உப்பளம். மண்ணே கரிக்குது."

சொன்னாளே தவிர, அன்றைக்கே உள்ளே ஒரு பாத்தி கட்டினாள். நல்ல தண்ணீர்க் கிணறு சாலைப் பக்கம் இருந்தது. தினம் இருபது குடம் சுமந்தாள். இடுப்பு விட்டுப் போனது. கீரை குட்டையாக, சின்ன இலையோடு வந்தது. தடவிப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருமுருகனின் கார் வந்தது. வாராவாரம் வருகிற சென்னைக்காரர். பின்சீட்டில் மனைவியும் குழந்தை தமிழ்நிலாவும்.

"உங்க கீரைய மசிச்சுக் குடுத்தாத்தான் வாயத் தொறக்குறா" என்றாள் அந்தப் பெண். "பல்லுகூட வந்துடுச்சு, பாருங்க."

லூர்துமேரி பார்த்தாள். இரண்டு அரிசிப் பற்கள். வேகவேகமாக உள்ளே போய்ப் பறித்துக்கொண்டு வந்தாள்.

திருமுருகன் முகம் சுளித்தார். "என்னம்மா, வாடின மாதிரி இருக்குது? காலையில பறிச்சதா? இதோ, இங்க தளதளன்னு நிக்குதே. இதுல பறிங்க."

"இப்பதாங்க பறிச்சேன். அது வேணாங்க. இதக் கொண்டு போங்க."

"ஏன் வேணாம்?"

தமிழ்நிலா ஜன்னல் வழியாகக் கீரைக்குக் கை நீட்டினாள். பொய் சொல்ல லூர்துமேரிக்கு வாய் வரவில்லை.

"ரோட்டுப் புகையெல்லாம் அதுல படியுதுங்க. ஈயம் இருக்குதாம். டெஸ்ட் பண்ணிச் சொன்னாங்க. புள்ளைக்கு ஆவாது."

அந்தப் பெண்தான் கேட்டாள்.

"அப்போ இத்தன நாளு எங்களுக்குக் குடுத்தது?"

லூர்துமேரி நீட்டிய கட்டு அவள் கையிலேயே இருந்தது. குழந்தையின் கையை உள்ளே இழுத்துக்கொண்டு அந்தப் பெண் கண்ணாடியை ஏற்றினாள். கார் கிளம்பி விட்ட புகை தளதளவென்று நின்ற பாத்தியில்தான் படிந்தது.

சாயங்காலம்வரை ஏழு கார்கள் நின்றன. காரணம் எதுவும் சொல்லாமல் உள்பாத்திக் கீரையையே நீட்டினாள். ஒருத்தரும் வாங்கவில்லை. எட்டாவது காரில் வயதான ஓர் அம்மாள் இருந்தார்.

"பேரனுக்கும்மா. கண்ணு முன்னால பறிச்சுக் குடு."

லூர்துமேரிக்கு இடுப்பு வலித்தது. சாலையோரப் பாத்தியில் உட்கார்ந்தாள். தலை நிமிராமல் பறிக்கத் தொடங்கினாள்.